பழைய பாண்டிகசாலையில் 2.35 கோடிக்கு மேல்மாடி ஃப்ளாட்: வாங்கலாமா?

கல்பாத்திக்காரன் (பாலக்காடு)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை காக்கநாட்டில். பன்னிரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி ஊருக்கு, திங்கள் விடிகாலை திரும்பக் கொச்சிக்கு. பெண் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். இனி குடும்பத்தோடு கொச்சியிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு. காக்கநாட்டில் இருபது மாடி, முப்பது மாடி என்று நிறையப் பார்த்தோம். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. எங்கள் அகத்தில் திண்ணை, ரேழி, முற்றம் என்று வளர்ந்தவளுக்கு (என் மனைவியைச் சொல்கிறேன்) அந்தத் தீப்பெட்டி அறைகள் மூச்சு முட்டுகின்றனவாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் கொச்சியில் ஒரு பழைய கட்டடம் பார்த்தோம். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கிவைத்த பாண்டிகசாலை. அதை ஆறு சொகுசு ஃப்ளாட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தின் முன்பகுதியில் ஒரு காபிக்கடை வரப்போகிறதாம், அதை விற்பவர்களே வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குக் காட்டியது மேல்மாடி. மூன்று படுக்கையறை, 2,050 சதுர அடி. தலைக்கு மேலே ஆஞ்சிலி மர உத்திரமும் கூரை ஓடும் அப்படியே தெரிகின்றன. லிஃப்ட் உண்டு. மொட்டையாக இருந்த ஒரு மூலையில் கண்ணாடி அறை ஒன்று எழுப்பியிருக்கிறார்கள், எல்லாருக்கும் பொதுவாம். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் சீனவலை (கரையில் நிற்கும் பெரிய மீன்வலை) தெரிகிறது. என் மனைவி ஜன்னல் கதவைத் தடவிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்றால் என் பர்ஸுக்குக் கேடு என்று அர்த்தம்.

விலை 2.35 கோடி. நிலம் மொத்தம் 11 சென்ட். டச்சுக்காரர் காலத்துக் கட்டடம் என்கிறார் தரகர். ஓட்டில் 1865 என்று அச்சே இருக்கிறது, நானே பார்த்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

செங்கோட்டை பாசஞ்சர்

2.35 கோடிக்கு எங்கள் ஊரில் தெருவையே எழுதி வாங்கலாம், கோடியில் ஒரு பிள்ளையார் கோயிலும் சேர்த்து. சீனவலை மட்டும் கிடைக்காது. குண்டாற்றில் தூண்டில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, சீரியஸாகச் சொல்பவர்களுக்கு வழிவிடுகிறேன்.

நாஞ்சில் கொத்தன் (நாகர்கோவில்)

தம்பி, முதலில் அந்த 1865-ஐ மறந்துவிடுங்கள். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. ஓட்டில் அந்த வருடத்தைத் தங்கள் முத்திரையோடு சேர்த்து அச்சடித்தார்கள். அதன் பிறகு எத்தனையோ வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் 1865 இருக்கும். சோப்பு உறையில் கம்பெனி தொடங்கிய வருடம் போட்டிருப்பதில்லையா, அதே கதைதான். அப்புறம், டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663, ஆங்கிலேயரிடம் விட்டது 1795. ஆகவே மங்களூர் ஓடு போட்ட கூரை டச்சுக் கூரையாக இருக்க வழியே இல்லை. கீழே உள்ள சுவர் பழையதாக இருக்கலாம், கூரை பின்னால் வந்தது. தரகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

முப்பது வருடமாகப் பழைய வீடுகளைத்தான் பழுது பார்க்கிறேன், பத்மநாபபுரம் பக்கம் தொடங்கி திருவனந்தபுரம் கோட்டைக்ககம் வரை. பார்க்கச் சொல்வது இவை.

சுவர் வெட்டுக்கல்லாகத்தான் இருக்கும். அந்தக் கல்லுக்கு மூச்சு வேண்டும். பழைய ஆட்கள் சுண்ணாம்புக் காரை பூசியது அழகுக்கு மட்டும் இல்லை. கல் குடித்த ஈரத்தை வெளியே விடுவதற்கும் அதுதான் வழி. இப்போது புதுப்பிக்கிறேன் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சிமெண்டைப் பூசி, அதன் மேல் பெயிண்டையும் அடித்துவிடுவார்கள். கொச்சி மண்ணில் நிலத்தடி நீர் உப்பு. ஓதம் இடுப்பு உயரம் வரை ஏறும், வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உப்பாக உறையும், இரண்டு மழை கழித்துப் பூச்சு பொரிந்து பொரிந்து விழும். கையால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் வாங்குவது மேல்மாடி, ஓதம் உங்கள் அறைக்கு வராது. ஆனால் உங்களைத் தாங்குவது அந்தக் கீழ்ச்சுவர்தானே. அதனால் காபிக்கடை வரப்போகிற அறைக்குள் போய்த் தட்டுங்கள்.

அடுத்தது குளியலறை. இதுதான் எனக்குப் பெரிய பயம். பாண்டிகசாலையில் மூட்டை அடுக்கினார்களே தவிர யாரும் குளிக்கவில்லை. மேல்தளம் உத்திரத்தின் மேல் பலகை போட்ட மச்சாக இருந்தால், அதன் மேல் மூன்று குளியலறை எப்படி வைத்தார்கள்? தனியாக இரும்புச் சட்டம் கொடுத்து, அதன் மேல் கான்கிரீட் தட்டு போட்டு, குழாயெல்லாம் வெளிச்சுவரோடு இறங்கினால் நல்லது. பலகையின் மேலேயே தார்ஷீட்டும் மார்பிளும் ஒட்டியிருந்தால் நாலே வருடம். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். வெளியே பார்த்தால் தேக்கு மாதிரி பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அல்வா.

லிஃப்ட் குழி தோண்டியபோது பழைய அஸ்திவாரத்தை என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். அந்தப் பக்கம் கீழே சேறும் களிமண்ணுமாக ஆழத்துக்கு இருக்கும். புதிதாக வந்த லிஃப்ட் கூண்டு ஒரு வேகத்தில் அமிழும், பழைய சுவர் ஒரு வேகத்தில் அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகப் பூசி மறைத்திருந்தால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள்.

மலபார் ஜில்லா (சித்தூர்)

நாஞ்சில் அண்ணாச்சி சொன்னதோடு ஒரு சின்ன வரலாறு. நான் ஓய்வுபெற்ற வாத்தியார், பழக்கம் விடாது.

ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே ஓடும் கல்வத்தி வாய்க்கால் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ராஜ்ய எல்லை. அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் கொச்சி, மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் சேர்ந்தது. 1956-இல் கேரளம் உருவாகும்வரை இந்தப் பக்கம் மலபார் ஜில்லாதான். நம் பாலக்காடும் அதே மலபார் ஜில்லா. நான் இருக்கிற சித்தூரோ கொச்சி ராஜ்யம்! ஆக கல்பாத்திக்காரரும் அந்தப் பாண்டிகசாலையும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தவர்கள், நான்தான் வெளிநாட்டுக்காரன். பழைய பத்திரம் தேடும்போது வாய்க்காலின் எந்தப் பக்கம் என்பது முக்கியம், அதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று. 1889 ஜனவரியில் ஃபோர்ட் கொச்சிக் கரையில் பெரிய தீ விபத்து. துறைமுகத்தில் எரிந்த ஒரு கப்பலிலிருந்து பரவி, கரையோரப் பாண்டிகசாலைகளும் வீடுகளும் நிறைய எரிந்துபோயின. இன்றைக்குக் கரையோரத்தில் பழசு என்று நாம் பார்க்கிறவற்றில் எது தீக்கு முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டும்.

ஆந்திரா மாப்பிள்ளை

சார், சித்தூரில் எந்தத் தெரு? நானும் சித்தூர்தான், கொங்காரெட்டிபள்ளி பக்கம்.

மலபார் ஜில்லா (சித்தூர்)

தம்பி, நான் பாலக்காட்டுச் சித்தூர். நீங்கள் ஆந்திரச் சித்தூர். என் தபால் இரண்டு முறை உங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

ஆந்திரா மாப்பிள்ளை

அப்போது அந்த எல்.ஐ.சி. கடிதம் உங்களுடையதுதானா சார்.

கொழிஞ்சாம்பாறை ஆதாரமெழுத்து

கல்பாத்திக்காரரே, சுவரை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார், நான் காகிதத்தைப் பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுதுகிறேன்.

முதல் கேள்வி: 2,050 சதுர அடி என்பது எந்தக் கணக்கு? சூப்பர் பில்டப் என்றால் அதில் வெளிச்சுவரும் படிக்கட்டும் நடையும் லிஃப்டும் எல்லாம் சேர்ந்திருக்கும். புதுக் கட்டடத்தில் வெளிச்சுவர் அரை அடி, முக்கால் அடி. உங்கள் பாண்டிகசாலையில் இரண்டு அடியாவது இருக்குமே! அந்தச் சுவரின் தடிமன் முழுவதற்கும் சதுர அடி விலை கொடுக்கப் போகிறீர்கள். கார்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் விற்பனையை அந்தக் கணக்கில்தான் பேசச் சொல்கிறது, அதில் வெளிச்சுவர் சேராது.

ரெரா என்றதும் அடுத்த விஷயம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலும், வீடு எட்டுக்கு மேல் போகாவிட்டாலும் பதிவு தேவையில்லை. 11 சென்ட் என்றால் 445 சதுர மீட்டர். ஆறு வீடு. இரண்டு கோட்டுக்கும் கீழே அளந்து நிறுத்தியிருக்கிறார்கள். தப்பு இல்லை, சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் கேரள ரெரா இணையதளத்தில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குக் காவல் நீங்கள் எழுதி வாங்கும் ஒப்பந்தம் மட்டும்தான்.

காகிதங்கள்: முன்னாதாரம் (முந்தைய பத்திரங்கள்) எல்லாம் சங்கிலி அறாமல் வேண்டும். பழைய வியாபாரக் குடும்பங்களின் சொத்தில் பங்காளிகள் பம்பாயிலும் இருப்பார்கள், ஆப்பிரிக்காவிலும் இருப்பார்கள். யாருடைய பவரில் யார் கையெழுத்திட்டார்கள், பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போடுங்கள். போக்குவரவு (பட்டா மாற்றம்) முடிந்து, விற்பவர் பெயரிலேயே கரம் (நில வரி) அடைத்த ரசீது இருக்க வேண்டும். நிலம் சொந்தமா பாட்டமா (குத்தகையா) என்பதையும் வில்லேஜ் ஆபீஸில் கேளுங்கள். கிடங்காக இருந்த கட்டடம் குடியிருப்பாக மாறியதற்குக் கார்ப்பரேஷன் அனுமதி, குடியேறலாம் என்ற ஆக்குபன்சி சான்றிதழ், புது வீட்டு எண். இவை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சென்ட் என்று ஒப்பந்த நகலில் பார்த்து இங்கே போடுங்கள். கூரையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வலியசாலை மாமா (திருவனந்தபுரம்)

வங்கியில் முப்பத்தைந்து வருடம் கடன் பிரிவு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

75 லட்சத்துக்கு மேல் போகும் வீட்டுக் கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம், ரிசர்வ் வங்கி விதி. 2.35 கோடிக்கு 1.76 கோடி. மீதி 59 லட்சம் கையிலிருந்து. கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம், அதாவது 23.5 லட்சம். அதற்குக் கடன் கிடையாது. கையில் 82 லட்சம் இல்லாமல் இந்தப் பேச்சே வேண்டாம்.

கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று வங்கியின் மதிப்பீட்டாளர் எழுத வேண்டும். கடன் காலத்தைத் தாண்டி ஆயுள் இல்லையென்றால் வங்கி தயங்கும். நூறு வருடம் நின்றது இன்னும் நூறு வருடம் நிற்கும் என்று நாம் பேசலாம். மதிப்பீட்டாளர் அப்படி எழுத மாட்டார். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள், முதலிலேயே வங்கியிடம் கேளுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் வசிக்கிறவரா என்றும் கேளுங்கள். இங்கே இருப்பவர் என்றால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டுக்காரர் என்றால் அந்தக் கணக்கே வேறு, நிறையப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்.

அப்புறம், சொகுசு என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். கேரளக் கட்டட வரிச் சட்டத்தில் சொகுசு வரி என்று வாங்கிவந்ததே 278.7 சதுர மீட்டரை (சுமார் 3,000 சதுர அடியை) தொட்ட பிறகுதான். 2,050 சதுர அடி அதற்கு ரொம்பக் கீழே. அரசாங்கமே சொகுசு என்று ஒப்புக்கொள்ளாததைத் தரகர் சொல்கிறார்!

செங்கோட்டை பாசஞ்சர்

மாமா, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

வெளி மைதானம் (ஃபோர்ட் கொச்சி)

நான் இங்கேயே பிறந்தவள். எங்கள் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து பட்டாளத்துக்குத் துணி வெளுக்க வந்தவர்கள். இன்றும் தோபிகானாவில் எங்கள் சனம் வெளுக்கிறது. வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம். அதனால் ஊர்க்காரியாகப் பேசுகிறேன், அண்ணன் தப்பாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் எந்த மாதத்தில் பார்த்தீர்கள்? பிப்ரவரியில் பார்த்தால் எங்கள் ஊர் சொர்க்கம்தான். டிசம்பரில் பியனாலே கலைக் கண்காட்சி நடக்கிற வருடமாக இருந்தால் இன்னும் அழகு, சுவரெல்லாம் சித்திரம், தெருவெல்லாம் வெள்ளைக்காரர். இடவப்பாதி மழையில் வந்து பாருங்கள். கடற்காற்று மழையைக் கீழேயிருந்து மேலே அடிக்கும். ஓடு என்ன ஓடு, ஓட்டுக்கு அடியில் நுழைந்து உள்ளே சாரல் விழும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் அலமாரிக் கதவு மூடாது, மரம் ஊதிவிடும். தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். சுவர் வாசனை துணியில் ஏறும். பெரிய வீடு, சின்ன வீடு என்று அதற்குக் கணக்கில்லை.

வேலியேற்றத்தில் (கடல் பொங்கும் நேரத்தில்) ஓருவெள்ளம் (உப்புத்தண்ணீர்) எந்தச் சந்து வரை வருகிறது என்பதையும் விசாரியுங்கள். மழையே இல்லாத நாளில் ஓடை வழியாகத் தண்ணீர் மேலே வந்து நிற்கும். உங்களுக்கு மேல்மாடி, ஆனால் வண்டியைக் கீழேதானே நிறுத்துவீர்கள். உப்புத்தண்ணீரில் நாலு நாள் நின்ற பைக்கை நான் பார்த்திருக்கிறேன்.

காக்கநாட்டுக்கு வேலைக்குப் போக வாட்டர் மெட்ரோ படகு இருக்கிறது, ஃபோர்ட் கொச்சிக்கு 2024-இல் வந்தது. ஹைகோர்ட் போய் அங்கிருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தில் வரிசை நீளும், மற்ற நாள் பரவாயில்லை.

துறைமுகத்துத் திண்ணை (ஃபோர்ட் கொச்சி)

எல்லாரும் பயமுறுத்திக்கொண்டே இருந்தால் எப்படி? நான் இப்படி ஒரு வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறேன். துபாயில் பத்தொன்பது வருடம் ஏசியில் கிடந்துவிட்டு வந்தவன். ஏப்ரல், மே மாதத்திலும் பகலில் எங்கள் நடு அறைக்கு ஏசி வேண்டாம். இரண்டடிச் சுவர், உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஓட்டுச் சரிவு, அதன் மேல் காக்கை, அதற்கு அப்பால் கப்பல். எந்த முப்பது மாடியில் கிடைக்கும்? செலவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வருடா வருடம் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், மரத்துக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும், கரையானுக்கு மருந்து வைக்க வேண்டும். வயதான அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்வது மாதிரி. அலுப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் ஒன்று. எங்கள் கட்டடத்தில் நாலு வீடு. கூரைச் செலவு நாலு பங்கு. நாங்கள் கையெழுத்திடும் முன்பே அதைப் பேசி எழுதிக்கொண்டோம்.

கல்பாத்திக்காரன் (பாலக்காடு)

ஒப்பந்த நகல் வந்துவிட்டது. வாங்கிப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

கார்பெட் ஏரியா 1,310 சதுர அடி. 2,050 என்று கணக்குப் போட்டால் சதுர அடி 11,463 ரூபாய், 1,310-க்குப் போட்டால் 17,939. ஆதாரமெழுத்து அண்ணா சொன்னது சரி, சுவருக்குத்தான் பணம்.

பிரிக்கப்படாத பங்கு 1.2 சென்ட். ஆறு வீட்டின் பரப்பையும் கூட்டிப் பார்த்தேன், என் வீதத்துக்கு கிட்டத்தட்ட 2 சென்ட் வர வேண்டும். காபிக்கடைக்கும் பின்பக்க முற்றத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய பங்கை விற்பவர்கள் தங்களிடமே நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கூரையைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: மேற்கூரையும் அதன் மரவேலையும் ஓடும் மேல்தளக் குடியிருப்பின் தனி அனுபவத்துக்கும் தனிப் பராமரிப்புக்கும் உரியவை. தரகர் இதைத்தான் பெரிய சலுகையாகச் சொன்னார், "ஸாரே, கூரை முழுக்க உங்களுக்கு" என்று.

வரைபடத்தில் அளந்தேன். புனித ஃபிரான்சிஸ் தேவாலயத்திலிருந்து சுமார் 180 மீட்டர். இதில் ஏதாவது இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை ஆதாரமெழுத்து

ஆமாம், இருக்கிறது.

கூரை முழுக்க உங்களுக்கு என்றால் கூரைச் செலவு முழுக்க உங்களுக்கு. அடியில் இருக்கிற அத்தனை பேரும் அதே ஓட்டின் நிழலில்தான் நனையாமல் தூங்குவார்கள், ஒரு பைசா தர வேண்டியதில்லை. உங்கள் கூரையிலிருந்து ஒழுகி அடுத்த மாடியின் மார்பிள் கெட்டால் அதற்கும் உங்களைத்தான் பிடிப்பார்கள். 1983-இன் கேரள அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம் அஸ்திவாரம், முக்கியச் சுவர், உத்திரம், கூரை எல்லாவற்றையும் பொதுவாகத்தான் வைக்கிறது, உரிமையாளர்கள் பதிவு செய்யும் பிரகடனத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும். இவர்கள் வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். அந்த வரியை எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் கேளுங்கள், அந்தப் பொதுக் கண்ணாடி அறை எந்தக் கூரைமேல் நிற்கிறது? உங்கள் கூரையின் ஒரு மூலையில்தானே? அனுபவிக்க ஆறு பேர், பராமரிக்க ஒருவர்.

மலபார் ஜில்லா (சித்தூர்)

தேவாலயம் 1503-இல் வந்தது. வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் புதைத்த இடம், பிறகு எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-இல் திருத்திய சட்டப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 180 மீட்டர் இரண்டாவதில் விழுகிறது. கட்டுவதற்கும் புதுப்பிப்பதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். லிஃப்ட் கூண்டு, கண்ணாடி அறை இரண்டுக்கும் தாள் எங்கே என்று கேளுங்கள்.

நாஞ்சில் கொத்தன் (நாகர்கோவில்)

கடற்கரை ஒழுங்குமுறையையும் விட்டுவிடாதீர்கள். பழைய கட்டடம் பழைய அளவில் நிற்பது ஒரு விஷயம், அதன் மேல் புதிதாக ஓர் அறை ஏற்றுவது வேறு விஷயம். கொச்சிப் பக்கத்து மரடு என்ற ஒரு சொல் போதும். கடற்கரை விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு அடுக்குமாடியும் சில நொடிகளில் தூசியாயின. அதில் வீடு வாங்கியவர்கள் எல்லாருமே வரி கட்டியவர்கள், பதிவு செய்தவர்கள்.

உங்கள் கட்டடத்தை இடிப்பார்கள் என்று சொல்லவில்லை. கண்ணாடி அறைக்கு அனுமதி இல்லையென்றால் அதைக் கழற்றும் செலவு யார் தலையில் என்று கேட்கிறேன். கூரை உங்களுடையதாயிற்றே!

ஆந்திரா மாப்பிள்ளை

என் மாமனார் திருப்பதியில் இரண்டு வீட்டுக்கு நடுவே பொதுச்சுவர் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பாதியை இடித்துப் புது வீடு கட்டினார். சுவர் பாதி நின்றது, பாதி போனது. பஞ்சாயத்து ஒன்பது வருடம் ஓடியது. அந்த ஒன்பது வருடத்தில் என் மாமியார் அந்தச் சுவர்ப் பக்கம் கட்டில் போடவே இல்லை.

கல்பாத்திக்காரன் (பாலக்காடு)

ஆந்திரா மாப்பிள்ளை சொன்னதும் அப்பா ஞாபகம் வந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்திரண்டு வயது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம கிராமத்திலே நமக்கும் பக்கத்தாத்துக்கும் ஒரே சுவர்டா. மேட மாசம் பிறந்து, இடவப்பாதிக்கு முன்னால் ஓட்டுக்காரன் ஏறுவான். மோட்டு ஓடு எந்தப் பக்கம் உடைஞ்சிருந்தாலும் கூலி பாதிப் பாதி. எங்கப்பா காலத்திலேயும் அப்படித்தான். எழுதி வெச்சுக்கலே, ஆனா யாரும் மீறலே." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இவா எழுதியே வெச்சுட்டாளே, நீ ஒருத்தன் மட்டும் ஏறணும்னு" என்றார்.

தரகரிடம் நாலு கேள்வி அனுப்பினேன். கார்ப்பரேஷன் அனுமதி இருக்கிறது, நகல் வந்துவிட்டது. தொல்லியல் அனுமதி பழுதுபார்ப்புக்கு மட்டும் இருக்கிறது, கண்ணாடி அறை அதில் இல்லை. கடற்கரை அனுமதிக்கு இன்னும் பதில் இல்லை. கூரை வரியை மாற்ற முடியாது, மற்ற ஐந்து வீட்டில் மூன்று இதே ஒப்பந்தத்தில் விற்றாகிவிட்டது என்கிறார். வேண்டுமானால் விலையில் ஆறு லட்சம் குறைக்கலாமாம்.

நாஞ்சில் கொத்தன் (நாகர்கோவில்)

ஆறு லட்சம்! அந்தக் கூரையை ஒருமுறை முழுக்க இறக்கி, ஓட்டைத் தாங்கும் உளுத்த கழுக்கோலை மாற்றி, ஓட்டைத் திரும்ப ஏற்றினால் அதைப்போல மும்மடங்கு ஆகும். நல்ல ஆஞ்சிலி இப்போது கிடைக்கிற விலையில் சொல்கிறேன். ஓடு ஏறத் தெரிந்த ஆட்கள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

துறைமுகத்துத் திண்ணை (ஃபோர்ட் கொச்சி)

நான் வாங்கச் சொன்னவன். கூரை வரி இப்படி இருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டாம் மாடி வீடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? சீனவலை தெரியாது, ஆனால் சுவரும் ஜன்னலும் அதேதான். தலைக்கு மேலே கூரைக் கவலை இன்னொருத்தருடையது.

வெளி மைதானம் (ஃபோர்ட் கொச்சி)

அதுவும் சரியில்லை அண்ணா. மேல்மாடிக்காரர் கூரையைப் பார்க்காமல் விட்டால் ஒழுகுவது இரண்டாம் மாடியில்தான்.

கல்பாத்தி அண்ணனுக்கு ஒரு யோசனை. வாங்குவதை விடுங்கள், ஒரு மழைக்காலம் அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். விற்காத வீடு இரண்டு சும்மாதானே கிடக்கிறது. அண்ணிக்கும் ஆசை தீரும்.

வலியசாலை மாமா (திருவனந்தபுரம்)

இந்த இழையில் வந்த ஆலோசனைகளில் செலவு குறைந்தது இதுதான். பதினோரு மாத ஒப்பந்தம், இரண்டு மாத நோட்டீஸ். அட்வான்ஸை மட்டும் கறாராகப் பேசுங்கள்.

கல்பாத்திக்காரன் (பாலக்காடு)

கேட்டேன். முதலில் தரகர் சிரித்தார், இது விற்பனைக்கு மட்டும் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு, இரண்டாம் மாடியில் தெற்கு வீட்டை மாதம் 48,000-க்குத் தரலாம் என்றார். மே 25 முதல். பெண்ணின் பள்ளி ஜூனில் தொடங்குகிறது, தேதி ஒத்துவருகிறது. மனைவிக்குச் சீனவலை போனதில் வருத்தம், ஆனால் அந்த வீட்டிலும் அதே மாதிரி ஜன்னல் என்றதும் சமாதானம்.

கையெழுத்து ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் வருகிறேன் என்கிறார், ஓட்டைப் பார்க்க வேண்டுமாம்.

வெளி மைதானம் (ஃபோர்ட் கொச்சி)

வாங்க அண்ணா. சாமான் ஏற்றும்போது தோல் பையும் பட்டுப்புடவையும் ஊரிலேயே இருக்கட்டும், அக்டோபரில் எடுத்துக்கொள்ளலாம். வண்டியைச் சந்துக்குள் நிறுத்தாதீர்கள், மைதானத்துப் பக்கம் மேடு, எங்கள் வீட்டு வாசலில் விட்டுக்கொள்ளுங்கள். அப்பாவை ஏணியில் ஏற விடாதீர்கள்.